பன்றித் தோள்கறி: கங்கு யாருடையது, கடை யாருடையது?

பன்றியின் தோள்பட்டைக் கறி லேசில் வேகாது. மண்ணைக் கிளறி, நாள் முழுக்க நடந்து, உடம்பின் பாரத்தைத் தாங்கிய இடம் அது. தசைக்கு நடுவே சவ்வும் கொழுப்பும் பின்னிக் கிடக்கும். அவசரப்பட்டு எண்ணெயில் வறுத்தால் ரப்பர் மாதிரி இழுக்கும். அதனாலேயே பல நாடுகளில் அது விலை குறைந்த கறியாக, உழைக்கிறவர்களின் கறியாக இருந்தது.

இன்று அதே கறியை மூடி போட்ட உருண்டையான கரியடுப்பில் வேக வைக்கிறார்கள். 'கெட்டில் கிரில்' என்று பெயர். அடுப்பின் ஒரு பக்கம் மட்டும் கங்கு, மறு பக்கம் கறி. உப்பும் மிளகும் தடவி வைத்து, மூடியைப் போட்டு, மேலும் கீழும் உள்ள காற்றுத் துளைகளைக் கொஞ்சமாகத் திறந்து வைத்தால் உள்ளே 110 டிகிரி அளவில் சூடு நிற்கும். கங்கின் மேல் இரண்டு துண்டு மா விறகோ கொய்யா விறகோ போட்டால் புகை பிடிக்கும். எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் ஆகும். கறியின் உள்சூடு 65, 70 டிகிரி வந்ததும் ஏறாமல் மணிக்கணக்கில் அப்படியே நிற்கும். கறியின் ஈரம் வியர்வைபோல ஆவியாகிச் சூட்டைத் தணித்துக்கொண்டே இருப்பதுதான் காரணம். புதிதாகச் செய்கிறவர்கள் பயந்துபோய்க் கரியை அள்ளிப் போட்டுக் கெடுப்பது இந்த இடத்தில்தான். பொறுத்திருந்தால் 90 டிகிரியைத் தாண்டும். சவ்விலுள்ள கொலாஜன் உருகி ஜெலட்டின் ஆகிவிடும். எலும்பைப் பிடித்து இழுத்தால் கையோடு வரும், கறி நார்நாராகப் பிரியும்.

பெங்களூரிலும் சென்னையிலும் இதை ரொட்டிக்குள் வைத்து 'புல்டு போர்க்' என்று விற்கிறார்கள். நல்ல விலை. வாங்கிச் சாப்பிடுகிறவர்களில் பலர், 'பன்னி' என்ற சொல்லைத் திட்டுவதற்கு மட்டுமே வைத்திருக்கும் வீடுகளிலிருந்து வந்தவர்கள். அவர்கள் சாப்பிடட்டும், அதில் நமக்கு வருத்தமில்லை. நமக்குக் கேள்வி வேறு. ஒரே விலங்கின் ஒரே கறி ஓரிடத்தில் கௌரவமாகவும் இன்னோரிடத்தில் இழிவாகவும் ஆவது எப்படி? இதற்கு வரலாற்றில்தான் பதில் தேட வேண்டும், செந்துறைக்குப் பக்கத்திலிருந்தே தொடங்கலாம்.

முதலில் சங்க காலம். பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார், தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசு பெறப்போகும் பாணனுக்கு வழியில் என்னென்ன சாப்பாடு கிடைக்கும் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போகிறார். கள் காய்ச்சுகிற வீடுகளைப் பற்றிச் சொல்லும் இடத்தில் ஒரு செய்தி வருகிறது. ஆண் பன்றியைச் சேற்றில் திரியும் பெட்டைகளோடு சேரவிடாமல், குழிக்குள் நிறுத்தி, நெல் இடித்த மாவைப் பல நாள் ஊட்டிக் கொழுக்க வைத்து, அந்தக் கொழுப்புக் கறியைக் கள்ளோடு விருந்தாகக் கொடுக்கிறார்கள். இன்றைக்குக் கால்நடைப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் பண்ணைப் பன்றி வளர்ப்புப் பயிற்சியில் சொல்வதும் ஏறக்குறைய இதுதான்: அடைத்து வளர், தானியத் தீவனம் கொடு, இனச்சேர்க்கையைக் கட்டுப்படுத்து. ஆக, பன்றி வளர்ப்பு இந்த மண்ணில் அறிவோடு செய்யப்பட்ட தொழில். விருந்தாளிக்குக் கொடுக்கத் தகுந்த கறி. அந்தப் பாட்டில் எங்கும் முகச்சுளிப்பு இல்லை.

ஆயிரம் ஆண்டு கழித்து என்ன ஆனது என்று பார்க்க நாம் தூரம் போக வேண்டாம். செந்துறைக்கும் ஜெயங்கொண்டத்துக்கும் அப்பால் கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. சோழர்களின் தலைநகர். 12ஆம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில், சேக்கிழார் பெரிய புராணம் பாடினார். அதில் இரண்டு கதைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள்.

ஒன்று கண்ணப்பர் கதை. வேடர் குலத்துத் திண்ணன் காட்டில் ஒரு பன்றியைத் துரத்திக் கொல்கிறான். தீக்கடைகோலில் நெருப்பு உண்டாக்கி, கறியை அம்பில் கோத்துக் காய்ச்சி, பல்லால் கடித்துப் பதம் பார்த்து, நன்றாக வெந்த துண்டுகளை மட்டும் பொறுக்கி, இலைக் கலத்தில் வைத்துக் காளத்திச் சிவனுக்குப் படைக்கிறான். கங்கில் காய்ச்சிய பன்றிக்கறியைச் சாமியே ஏற்றுக்கொண்டது என்பதுதான் அந்தக் கதை. சிவகோசரியார் என்ற பார்ப்பனர் காலையில் வந்து எலும்பையும் கறியையும் பார்த்துப் பதறி, கூட்டித் தள்ளிக் கழுவிவிடுகிறார். சாமி அவர் கனவில் வந்து திண்ணனின் அன்பைப் பார் என்கிறது.

மற்றொன்று திருநாளைப்போவார், அதாவது நந்தனார் கதை. கொள்ளிடக் கரையின் ஆதனூர்க்காரர். அரியலூர் மாவட்டத்தின் தெற்கு எல்லையும் கொள்ளிடம்தான். நம் பக்கத்து மனிதர். கோயில் முழவுகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுக்கிறவர். அவர் கொடுத்த தோல் கோயிலுக்குள் போகும், அவர் போக முடியாது. தில்லை எல்லையில் நின்று சுற்றிச் சுற்றி வருகிறார். கடைசியில் நெருப்பில் இறங்கி, உடம்பை எரித்து, பூணூலோடு வெளியே வந்தால்தான் உள்ளே அனுமதி.

ஒரு கதையில் பன்றிக்கறி நெருப்பில் வெந்து சாமியிடம் போகிறது. இன்னொரு கதையில் மனிதனே நெருப்பில் வேக வேண்டியிருக்கிறது. இரண்டையும் பாடியவர் ஒருவர்தான், காலமும் ஒன்றுதான். பன்றிக்கறி தீட்டு என்பதால்தான் சேரி தீட்டானது என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் இந்த இடத்தில் என்ன சொல்வார்கள்? நந்தனார் பன்றி தின்றார் என்று சேக்கிழார் எங்கும் காரணம் காட்டவில்லை. அவர் பிறந்த இடமே காரணமாகப் போதுமானதாக இருந்தது. அதற்கும் நூறாண்டுக்கு முன்னாலேயே ராஜராஜன் தஞ்சைக் கோயிலில் வெட்டி வைத்த கல்வெட்டுகளில், வரி நீக்கிய நிலங்களின் பட்டியலில், பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் தனித்தனியாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன. நிலத்தை அளக்கும்போதே மனிதர்களையும் அளந்து ஒதுக்கியாகிவிட்டது. சாப்பாடு பற்றிய விளக்கங்கள் அந்த அளவின் மேல் பூசிய சுண்ணாம்பு.

இதற்கு இன்னொரு சாட்சியும் பக்கத்திலேயே உண்டு. செந்துறைக்கு வடகிழக்கே ஸ்ரீமுஷ்ணம். பூவராகர் கோயில். பன்றி அவதாரத்தைக் கும்பிட எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். பன்றி விரும்பித் தோண்டித் தின்னும் கோரைக்கிழங்கில்தான் அங்கே பிரசாதம். விஜயநகரத்தார் பன்றியை முத்திரையாக வைத்துக்கொண்டார்கள். அவர்களுடைய பொற்காசுக்கே வராகன் என்று பெயர். இத்தனை வராகன், அத்தனை வராகன் என்று கல்யாணப் பரிசத்தில் எண்ணிக் கொடுத்த காலம் இருந்தது. கல்லில் இருந்தால் அவதாரம், தங்கத்தில் இருந்தால் பணம், உயிரோடு சேரித் தெருவில் நடந்தால் அசிங்கம்.

சரி, அசிங்கம் என்ற பேச்சுக்கே வருவோம். இதை நாம் தட்டிக்கழிக்கக் கூடாது. கூட்டங்களில் மாணவர்கள் கேட்கிறார்கள்: 'பன்றி மலம் தின்னுதே தோழர், அதில் புழு இருக்கே?' உண்மைதான், நாடாப்புழு இருக்கிறது. டீனியா சோலியம் என்று பெயர். ஆனால் அது பன்றிக்கு எங்கிருந்து வருகிறது? மனிதக் கழிவிலிருந்து. கழிப்பறை இல்லாத ஊரில், எடுப்புக் கக்கூஸ் வைத்திருந்த நகரத்தில், கழிவு வெளியில் கிடந்தது. அந்த நகரத்தைச் சுத்தம் செய்யும் வேலை ஒரே சாதியினரின் தலையில் கட்டப்பட்டது. வேறு நிலமும் வேறு மூலதனமும் இல்லாதவர்கள், வீட்டுக் கழிவிலும் தெருக் கழிவிலும் தானே வளர்ந்துகொள்கிற ஒரே கால்நடையை வளர்த்தார்கள். பன்றி சாக்கடையில் நின்றது என்றால், அந்தச் சாக்கடையை மூடாதவர்கள் யார் என்பதுதான் கேள்வி. இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்தப் புழு மூளைக்குப் போய் வலிப்பு நோய் உண்டாக்குவது பன்றிக்கறி சாப்பிடுவதால் நேரடியாக வருவதல்ல. புழு முட்டை கலந்த தண்ணீராலும் பச்சைக் காய்கறியாலும் கழுவாத கையாலும் வருவது. வாழ்நாளில் பன்றியைத் தொடாத சைவருக்கும் வரும். கறியில் இருக்கும் புழுவோ நன்றாக வெந்தால் செத்துப்போகும். 90 டிகிரியில் பத்து மணி நேரம் வெந்த தோள்கறியில் அதற்கு இடமே இல்லை.

மருந்து என்று வந்தால் மட்டும் இந்த அருவருப்பு எங்கே போகும் என்று தெரியாது. மூலத்துக்குப் பன்றிக்கறி நல்லது என்ற நம்பிக்கை நம் பக்கத்தில் எல்லாச் சாதியிலும் உண்டு. மருத்துவம் அதை ஒப்புக்கொள்ளுமா என்பது வேறு விஷயம். ஞாயிற்றுக்கிழமை 'வெண்பன்றிக் கறி கிடைக்கும்' என்று பலகை மாட்டிய கீற்றுக் கொட்டகைக்குப் பக்கத்தில் சும்மா அரைமணி நேரம் நின்று பாருங்கள். பைக்கைக் கொஞ்சம் தள்ளி, புளியமரத்துக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமல் வந்து, இரண்டு பையாகக் கட்டி வாங்கிக்கொண்டு போவார்கள். எல்லாமே பார்சல். உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் எல்லாம் நம் ஆட்கள்தான்.

சமூகவியல் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு சுவையான முரண் சொல்கிறேன். எம்.என்.சீனிவாஸ் 'சமஸ்கிருதமயமாக்கம்' என்ற கருத்தை விரிவாக முன்வைத்தது 1952இல் வந்த குடகர்கள் பற்றிய நூலில். தாழ்ந்த சாதி கறியையும் கள்ளையும் விட்டு, பார்ப்பனச் சடங்குகளை எடுத்துக்கொண்டு, இரண்டொரு தலைமுறையில் மேலே ஏறும் என்பது அந்தக் கருத்தின் சுருக்கம். தேர்வுக்கு இதை எல்லோரும் மனப்பாடம் செய்கிறோம். ஆனால் அந்த நூலின் குடகர்கள் யார்? பன்றிக்கறி அவர்களுடைய பெருமைக்குரிய சாப்பாடு. காச்சம்புளி ஊற்றிக் கறுப்பாகச் சுண்ட வைத்த பன்றிக்கறி இல்லாமல் அவர்கள் வீட்டில் கல்யாணம் இல்லை. குடிக்கவும் செய்வார்கள். யாரும் அவர்களைத் தெருவுக்கு வெளியே நிறுத்தவில்லை. காரணம் வெளிப்படையானது: காப்பித் தோட்டம் அவர்களிடம், ஜம்மா நிலம் அவர்களிடம், துப்பாக்கிக்கு உரிமம் வாங்க வேண்டியதில்லை என்ற விலக்கும் அவர்களிடம். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களுக்கும் பன்றிக்கறி விருந்துச் சாப்பாடுதான், அங்கும் ரப்பர் தோட்டம் இருக்கிறது. தட்டில் என்ன இருக்கிறது என்பதை விட, தட்டுக்குக் கீழே யாருடைய நிலம் இருக்கிறது என்பதே மதிப்பைத் தீர்மானிக்கிறது. சீனிவாஸின் நூலிலேயே அதற்கான ஆதாரம் கிடக்கிறது. நாம்தான் அந்தப் பக்கத்திலிருந்து படிப்பதில்லை.

நம் இயக்க வரலாற்றையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். 1927 மகாடில் அண்ணல் அம்பேத்கர் நம் மக்களிடம், செத்த மாட்டின் கறியைத் தின்பதை விடுங்கள் என்று கேட்டார். பிறகு 1948இல் வந்த தீண்டப்படாதவர்கள் பற்றிய நூலில், மாட்டுக்கறிக்கும் தீண்டாமையின் தோற்றத்துக்கும் உள்ள உறவைத் துருவி எழுதினார். இந்த இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். ஊரார் இழுத்துப் போடச் சொன்ன பிணத்தைக் கூலிக்குப் பதிலாகத் தின்னாதே என்பது அடிமை முறைக்கு எதிரான வேலைநிறுத்தம். 1932இல் தொடங்கிய ஹரிஜன சேவக சங்கத்தார் சேரிக்கு வந்து கறியை விடு, குளி, சுத்தமாக இரு என்று சொன்னது வேறு. வெளியே ஒரே பேச்சுபோலக் கேட்கும். முதலாவது எஜமானைப் பார்த்துப் பேசுகிறது, இரண்டாவது அடிமையைப் பார்த்துப் பேசுகிறது. இந்த இரண்டும் குழம்பியதால் நம் வீடுகளிலேயே படித்து வேலைக்குப் போன பிறகு பன்றிக்கறி சமைப்பதை நிறுத்தியவர்கள் ஏராளம். வாடகை வீட்டுக்காரருக்கு வாசனை போகுமே என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு சமைக்கிறவர்களையும் பார்க்கிறேன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அரசும் தன் பங்குக்குச் செய்தது. கோயில்களில் ஆடு, கோழி, பன்றி பலி கொடுப்பதைத் தடுக்கும் 1950ஆம் ஆண்டுச் சட்டம் நீண்ட காலம் தூங்கிக்கொண்டிருந்தது. 2003இல் திடீரென்று அதைத் தூசி தட்டி எடுத்து அமல்படுத்தினார்கள். காட்டேரிக்கும் பெரியாச்சிக்கும் பன்றி குத்திப் பங்கு போடும் குலதெய்வக் கும்பிடு, போலீஸ் கேஸ் ஆகும் நிலை வந்தது. எதிர்ப்பு வலுத்ததால் 2004இல் சட்டமே திரும்பப் பெறப்பட்டது. அந்தப் பங்கு போடுதலைப் பார்த்திருக்கிறீர்களா? வைக்கோலைக் கொளுத்திப் பன்றியை வாட்டி, முடியைச் சுரண்டி, தோலோடு வெட்டிக் கூறு போடுவார்கள். ஒவ்வொரு கூறிலும் தோள்கறி கொஞ்சம், தொடை கொஞ்சம், கொழுப்பு, ஈரல், தோல் என்று எல்லாம் இருக்க வேண்டும். விதவைக்கும் அதே கூறு, வயசானவருக்கும் அதே கூறு. வைக்கோல் புகையின் வாடை அந்தக் கறியில் கடைசி வரை இருக்கும். புகை போட்ட பன்றிக்கறி என்பது நமக்கு அமெரிக்காவிலிருந்து வந்த சரக்கு அல்ல.

ஆனால் அமெரிக்காவுக்குப் போக வேண்டிய காரணம் இருக்கிறது. செந்துறை வட்டத்து அங்கனூரில் பிறந்த தொல்.திருமாவளவன் தலைமையேற்ற இயக்கத்தின் பெயரில் 'சிறுத்தை' எங்கிருந்து வந்தது? 1972இல் பம்பாயில் தொடங்கிய தலித் பேந்தர்ஸிலிருந்து. அவர்களுக்கு அந்தப் பெயர் அமெரிக்கக் கறுப்பர்களின் பிளாக் பேந்தர்ஸிடமிருந்து. அதற்கும் முன்னால் ஜோதிராவ் புலே 1873இல் தன் 'குலாம்கிரி' நூலை அமெரிக்காவில் அடிமை ஒழிப்புக்காகப் போராடியவர்களுக்குக் காணிக்கையாக்கினார். 1946இல் அண்ணல் அம்பேத்கர், கறுப்பினச் சிந்தனையாளர் டு போய்ஸுக்குக் கடிதம் எழுதினார். நூற்றாண்டுக்கு மேல் நீளும் உறவு இது. அந்த உறவில் சமையலறையை நாம் இதுவரை சரியாகப் பார்த்ததில்லை.

பார்பிக்யூ என்ற சொல் கரீபியத் தீவுகளின் டைனோ பழங்குடிகளுடையது. நெருப்புக்கு மேலே குச்சிகளால் கட்டிய பரணில் கறியை வாட்டும் முறைக்கு ஸ்பானியர்கள் கேட்டு எழுதிக்கொண்ட பெயர் 'பார்பகோவா'. அமெரிக்கத் தென்மாநிலங்களில் அதை இன்றைய உருவத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர்கள் அடிமைப்பட்ட ஆப்பிரிக்கர்கள். பண்ணையார் வீட்டு விருந்துக்கு முந்தின நாள் குழி வெட்டி, விறகை எரித்துக் கங்காக்கி, இரவெல்லாம் கண் விழித்துப் பன்றியைப் புரட்டிக்கொண்டிருந்தது அவர்கள். விடிந்ததும் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டது வேறு ஆட்கள். அடிமை முறை ஒழிந்த பிறகு அந்தக் கைத்தொழிலையே மூலதனமாக்கிப் பல கறுப்பர்கள் கடை போட்டார்கள். கான்சஸ் சிட்டியின் பார்பிக்யூ மரபு ஹென்றி பெர்ரி என்ற கறுப்பரின் கடையிலிருந்து கிளைத்தது. அட்ரியன் மில்லர் 2021இல் எழுதிய 'பிளாக் ஸ்மோக்' நூல், இப்படிப்பட்டவர்களைப் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் எப்படி ஓரங்கட்டின என்பதைச் சொல்கிறது.

நாம் முதலில் பார்த்த கெட்டில் கிரில் 1952இல் வந்தது. சிகாகோவில் வெபர் பிரதர்ஸ் என்ற உலோகப் பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன், கடலில் மிதக்கவிடும் மிதவைக்கான இரும்புக் கோளத்தைப் பாதியாக வெட்டி, கால் வைத்து, மூடி போட்டார். காற்றும் மழையும் கங்கைக் கெடுக்காது. இரவெல்லாம் குழியருகே நின்ற மனிதனின் வேலையில் பாதியை அந்த மூடி செய்தது. புறநகர் வீட்டின் பின்கட்டில் வெள்ளையர் குடும்பத் தலைவர் ஞாயிற்றுக்கிழமை செய்யும் பொழுதுபோக்காகப் பார்பிக்யூ மாறியதில் இந்த அடுப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

அதே காலத்தில் கடைகளில் என்ன நடந்தது? அலபாமா மாநிலம் பர்மிங்ஹாமில் 1927இலிருந்து நடந்துவந்த ஆலிஸ் பார்பிக்யூ என்ற உணவகம். 36 ஊழியர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் கறுப்பர். ஆனால் கறுப்பர்கள் உள்ளே உட்கார்ந்து சாப்பிட முடியாது, பார்சல் வாங்கிக்கொண்டு போகலாம். 1964 குடியுரிமைச் சட்டம் இதைத் தடை செய்ததும் கடைக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 1964 டிசம்பர் 14 அன்று அமெரிக்க உச்சநீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. கடைக்கான இறைச்சியில் ஏறத்தாழ பாதி வேறு மாநிலத்திலிருந்து வந்த சரக்கு, அதனால் மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உண்டு என்பது தீர்ப்பின் வழி. மனித மாண்பைக் காப்பாற்றக் கறி லாரியின் ரசீது தேவைப்பட்டது!

இரண்டாவது வழக்கு இன்னும் நெருக்கமானது. தென் கரோலினாவில் மாரிஸ் பெசிங்கர் என்பவரின் 'பிக்கி பார்க்' கடைகள். பன்றி பார்பிக்யூதான் வியாபாரம். கறுப்பர்கள் சமையல்கட்டு ஜன்னலில் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு வெளியே போய்விட வேண்டும். ஆன் நியூமன் என்ற கறுப்பினப் பெண்ணும் தோழர்களும் வழக்குப் போட்டார்கள். இனம் கலப்பது கடவுளின் சித்தத்துக்கு விரோதம், இந்தச் சட்டம் என் மத உரிமையைப் பறிக்கிறது என்றார் பெசிங்கர். 1968 மார்ச் 18 அன்று உச்சநீதிமன்றம் அந்த வாதத்தை ஒன்றுக்கும் உதவாதது என்று ஒதுக்கியதோடு, இப்படிப்பட்ட வழக்கில் ஜெயிப்பவர் தனக்காக மட்டும் போராடவில்லை, பொதுநலனுக்காகவும் போராடுகிறார், ஆகவே வழக்கறிஞர் செலவை எதிர்த்தரப்பு தர வேண்டும் என்றது. சட்டம் படிக்கிற தோழர்கள் 'நியூமன் எதிர் பிக்கி பார்க்' என்று தேடிப் படியுங்கள். 2000இல் தென் கரோலினா சட்டமன்றக் கூரையிலிருந்து அடிமை ஆதரவுப் போர்க்கொடி இறக்கப்பட்டபோது, பெசிங்கர் அதைத் தன் கடைகளில் ஏற்றினார். தீர்ப்பு கடையின் கதவைத் திறந்தது, அவருடைய மண்டையைத் திறக்கவில்லை.

இந்தியாவில் நமக்கு 1950இலேயே அரசியல் சட்டத்தின் 15(2)ஆம் பிரிவு இருக்கிறது: கடை, உணவகம், கிணறு, குளம் எதிலும் சாதியால் தடுக்கக் கூடாது. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. அதுதான் பிறகு குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. அமெரிக்காவை விட நாம் முந்தி. இரட்டைக் குவளை மட்டும் இன்னும் முழுசாக உடையவில்லை, பல இடங்களில் காகிதக் கப்பாக மாறியிருக்கிறது.

இப்போது நடந்துகொண்டிருக்கும் ஒன்றைச் சொல்கிறேன். செந்துறைப் பக்கத்துத் தம்பி ஒருவர் பெங்களூரில் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவப் போய், நான்கைந்து வருடத்தில் கிரில் அடுப்புக்கு வந்தார். தோள்கறியைப் பத்து மணி நேரம் புகையில் நிறுத்துவது அவருக்குக் கைவந்த வேலை. கொரோனாவில் ஊர் திரும்பியவர் இங்கேயே கடை போட நினைத்தார். கெட்டில் கிரில் வாங்கப் பணமில்லை. பழைய டிரம் ஒன்றை நெடுக்காக அறுத்து, கீல் வைத்து மூடி போட்டு, காற்றுக்குத் துளை போட்டு, இரண்டு நாள் வெறும் நெருப்பு எரித்துப் பழைய எண்ணெய் வாடையைப் போக்கி அடுப்பாக்கிவிட்டார். சீமைக்கருவேலங்கரி உள்ளூரில் மலிவு. அடுப்பு தயார், கை தயார். கடைத்தெருவில் இடம்தான் கிடைக்கவில்லை.

ஒரு கட்டட உரிமையாளர் முன்பணம் வரைக்கும் பேசினார். என்ன கடை என்று கேட்டதும், 'கோழி போடு, ஆடு போடு, தர்றேன். இது வேணாம்ப்பா, பக்கத்துக் கடைக்காரங்க ஒத்துக்க மாட்டாங்க' என்றார். சாதியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இரண்டாவது இடத்திலும் அதே பதில். இப்போது தம்பி சேரி முனையில் தார்ப்பாயின் கீழ் வாரம் ஒருநாள் போடுகிறார். புளியமரத்து பைக்குகள் அங்கேயும் வருகின்றன.

குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, தீண்டாமையின் பேரில் ஒருவரைத் தொழில், வியாபாரம் செய்யவிடாமல் தடுப்பதையும் குற்றம் என்கிறது. ஆனால் காவல் நிலையத்துக்குப் போனால் முதல் கேள்வி: 'சாதியைச் சொல்லித் திட்டினாரா?' திட்டவில்லை, கறியைத்தான் வேண்டாம் என்றார். சாதியின் பெயரைச் சொல்லாமல் சாதியைச் செயல்படுத்த உணவு எவ்வளவு வசதியான சொல் என்பது இங்கேதான் புரிகிறது. தனியார் கட்டடத்தில் இந்த வழக்கை நிறுத்துவது கடினம் என்று நம் வழக்கறிஞர் தோழர்களும் சொல்கிறார்கள்.

பொது இடம் என்றால் கணக்கு வேறு. 2022 மே மாதம் ஆம்பூரில் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் அறிவித்த பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றார்கள். ஆம்பூரில்! எதிர்ப்பு எழுந்தது, இலவசமாக மாட்டுக்கறி பிரியாணி கொடுப்போம் என்று இயக்கங்கள் அறிவித்தன. மழையைக் காரணம் காட்டித் திருவிழா தள்ளிவைக்கப்பட்டது. தமிழ்நாடு ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம், இதை ஏன் பாகுபாடாகக் கருதக் கூடாது என்று கேட்டு மாவட்ட ஆட்சியருக்கு நோட்டீஸ் அனுப்பியது. அரசுப் பணத்தில், அரசு நடத்தும் இடத்தில், ஒரு மக்களின் உணவை மட்டும் விலக்குவது பாகுபாடு என்ற வாதத்துக்கு இது ஒரு பிடிமானம்.

உள்ளாட்சிக்குச் சொந்தமான சந்தைக் கடைகள் அரசு இடம்தான். அதனால் தனியார் கட்டடங்களை விட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறோம். நம் பகுதி வாரச்சந்தைகளில் இறைச்சிக் கடைகள் எத்தனை, யார் பேரில் ஏலம், ஏல நிபந்தனையில் எந்த இறைச்சி என்று எழுதியிருக்கிறதா, பன்றிக்கறிக்கு விண்ணப்பம் வந்தால் மறுக்க ஏதாவது தீர்மானம் இருக்கிறதா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேள்விகளை எழுதி வைத்திருக்கிறோம். கல்லூரித் தோழர்கள் ஆளுக்கு ஒரு சந்தையை எடுத்துக்கொண்டு மனுப் போட்டால் 30 நாளில் பதில் வர வேண்டும். பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நகலை எங்களுக்கும் ஒன்று கொடுங்கள். அடுத்த ஏல அறிவிப்பு வரும்போது தம்பி விண்ணப்பம் போடுவார். 'இறைச்சிக் கடை' என்ற கட்டத்துக்கு நேரே, பன்றி என்று தெளிவாக எழுதி.